ஊரில், ஊருக்கு, ஊருக்குள்

(வெள்ளி விழாவின் கல்வி அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எனக்கு முன்னர்ப் பேசிய அன்பர்கள் சங்கம் வளர்ந்த வரலாற்றை எடுத்துரைத்தனர். எனக்கு இடப்பட்ட பணி வேறு. ஆங்கிலத்தில் இடத்தையும் இயக்கத்தையும் காட்டும் முன்னிடைச் சொற்களுள் எங்கு எதனை எழுதுவது என்பதை இளைஞர்களுக்கு விளங்கும் வண்ணம் சொல்ல வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். விழா மேடையில் இலக்கணமா என்று சிலர் முகம் சுளிப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் தேர்வுகளிலும் வங்கித் தேர்வுகளிலும் ஆங்கிலப் பகுதி உண்டு. அதில் கோடிட்ட இடத்தை நிரப்புக என்று வரும் வினாக்களில் இச்சிறு சொற்களே நம் பிள்ளைகளைப் பெரிதும் திணறடிக்கின்றன. மதிப்பெண்ணுக்காக மட்டும் நான் இதனைப் பேச வரவில்லை. ஒரு மனுவிலோ புகாரிலோ பிரமாணப் பத்திரத்திலோ இச்சிறு சொல் இடம் மாறினால் நம் உரிமையும் இடம் மாறிவிடக்கூடும். அதனைக் காட்டவே வந்தேன்.

நாம் வாழ்வது முத்துக் கடற்கரை; ஆதலின் முத்திலிருந்தே தொடங்குவோம். முத்து சிப்பியில் இருக்கிறது. சிப்பி பாரில் இருக்கிறது. பார் கடலடியில் இருக்கிறது. மூன்றிடத்தும் ‘இல்’ என்னும் ஓர் உருபே வந்து வேலையை முடித்துவிட்டது. கேட்பவர்க்கும் ஐயம் எழவில்லை. இதனையே ஆங்கிலத்தில் சொல்லுங்கால், ‘தி பேர்ல் இஸ் இன் தி ஆய்ஸ்டர், தி ஆய்ஸ்டர் இஸ் ஆன் தி ராக், தி ராக் இஸ் அட் தி பாட்டம்’ என்று மூன்று வெவ்வேறு சொற்கள் வேண்டப்படுகின்றன. சிப்பிக்கு உட்புறம் உண்டு, அது முத்தை மூடிக்கொண்டிருக்கிறது, ஆதலின் ‘இன்’. பாருக்கு மேற்பரப்பு உண்டு, சிப்பி அதனைத் தொட்டுப் பற்றிக்கொண்டிருக்கிறது, ஆதலின் ‘ஆன்’. கடலடி என்பதை உட்புறம் உடையதாகவோ பரப்பாகவோ இங்கு நாம் கருதவில்லை, ஆழத்தில் ஓர் எல்லையாக, ஒரு புள்ளியாகக் கருதுகிறோம், ஆதலின் ‘அட்’. உள்ளா, மேலா, புள்ளியா என்னும் இம்மூன்று வினாக்களையும் மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக்கு மேற்பட்ட தொல்லை தீர்ந்துவிடும்.

தமிழில் இத்தகைய நுண்மை இல்லையோ என்று யாரும் எண்ணிவிட வேண்டா. ஏழாம் வேற்றுமைக்கு நன்னூலார் 28 உருபுகளை எண்ணிக் காட்டுகிறார். கண், கால், கடை, இடை, மேல், கீழ், உள், அகம், புறம் என அப்பட்டியல் நீளுகின்றது. சொல்வளம் நம்மிடம் நிரம்ப உண்டு. அன்றாடப் பேச்சில் அவற்றையெல்லாம் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு ‘இல்’ ஒன்றையே எடுத்துப் புழங்குகிறோம். தமிழில் அது குறையன்று. இடம் நோக்கிப் பொருள் கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பெட்டியைத் திறந்துதான் ஆகவேண்டும்.

இனி, ‘இன்’, ‘அட்’ இரண்டையும் பற்றி ஒரு பழைய விதியைச் சொல்ல வேண்டும். நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பயின்றுவரும் ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூலில், நாடுகளுக்கும் பெரு நகரங்களுக்கும் ‘இன்’ என்றும், சிற்றூர்களுக்குப் பெரும்பாலும் ‘அட்’ என்றும் ஒரு விதி காணப்படுகிறது. அவ்விதியை மனப்பாடம் செய்த மாணவர், ‘ஐ லிவ் அட் குலசேகரன்பட்டினம்’ என்று எழுதுகின்றனர். நூலின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் இவ்விதி இன்றைய வழக்கை முழுவதும் விளக்குவதன்று. ஊரின் பரப்பளவு இங்குக் கணக்கில் வாராது. சொல்பவன் அவ்வூரை எவ்வாறு நோக்குகிறான் என்பதே கணக்கு. நாம் இங்குப் பிறந்தோம், வளர்ந்தோம், வாழ்கிறோம். நமக்கு இது தெருக்களும் வீடுகளும் நிறைந்த இடம். ஆதலின் ‘ஐ லிவ் இன் குலசேகரன்பட்டினம்’. திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் பேருந்தின் நடத்துநருக்கோ இது வழியில் வரும் ஒரு நிறுத்தம், ஒரு புள்ளி. ஆதலின் ‘தி பஸ் ஸ்டாப்ஸ் அட் குலசேகரன்பட்டினம்’. இரண்டும் சரியே. சென்னை மாநகரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் செல்லும் விமானம் ஒன்று வழியில் அங்கு இறங்கிச் சென்றால், அத்தனை பெரிய நகரமும் ‘அட் சென்னை’ ஆகிவிடும். நம் ஊர் சிறிது என்பதற்காக நாம் ‘அட்’ என்னும் புள்ளியின்மேல் குடியிருக்க வேண்டியதில்லை.

இதனோடு ஒட்டியதுதான் பள்ளிக்கூடமும். ‘ஷி இஸ் அட் ஸ்கூல்’ என்றால் அவள் படிப்பின் பொருட்டு அங்கிருக்கிறாள். ‘ஷி இஸ் இன் தி ஸ்கூல்’ என்றால் அக்கட்டடத்தின் உள்ளே இருக்கிறாள். வாக்களிக்கச் சென்றவளாகவும் இருக்கலாம். தெருவின் பெயருக்கு முன் ஆங்கிலேயர் ‘இன்’ என்பர். அமெரிக்கர் ‘ஆன்’ என்பர். இவற்றுள் எதனை எழுதினாலும் தவறில்லை. கதவு எண்ணுடன் சேர்த்துச் சொன்னால் இருவருமே ‘அட்’ என்பர். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

ஊர்தி விஷயத்தில்தான் மாணவர் மிகவும் குழம்புகின்றனர். காருக்கு ‘இன்’, பேருந்துக்கு ‘ஆன்’ என்றால், இரண்டுக்கும் உட்புறம் உண்டே, ஏன் இந்த வேறுபாடு என்று ஒரு மாணவி கேட்டாள். கேட்கத் தக்க கேள்வியே. ஏறி நின்று நடமாடுதற்கேற்ற தளம் உடையனவற்றுக்கு ‘ஆன்’. உள்ளே புகுந்து உட்கார்ந்த இடத்தில் இருப்பனவற்றுக்கு ‘இன்’. கப்பலுக்கும் இரயிலுக்கும் பேருந்துக்கும் ‘ஆன்’. காருக்கும் ஆட்டோவுக்கும் ‘இன்’. நம் கடற்கரையிலேயே இதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. வள்ளத்துக்கு உட்குழிவு உண்டு. ஆதலின் அதில் செல்பவன் ‘இன் எ போட்’. கட்டுமரத்துக்கு உள் ஏது? மரங்களைச் சேர்த்துக் கட்டியதுதானே. ஆதலின் அதில் செல்பவன் ‘ஆன் எ கட்டுமரம்’. இக்கட்டுமரம் என்னும் சொல்லே ‘கேட்டமரன்’ என்று ஆங்கில அகராதி ஏறியிருக்கிறது என்பதை அறிவீர்கள். நம் சொல்லை அவர்கள் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சொல்லை எடுக்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

இதுகாறும் நிற்கும் இடத்தைப் பார்த்தோம். இனி இயக்கத்துக்கு வருவோம். இங்குதான் என் உள்ளத்துக்கு நெருங்கிய செய்தி இருக்கிறது.

‘டு’, ‘இன்டு’ என்று இரு சொற்கள். தமிழில் ‘கோயிலுக்குச் சென்றான்’, ‘கோயிலுக்குள் சென்றான்’ என்பனவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடே அவற்றின் வேறுபாடு. ‘க்கு’ என்பது நோக்கிச் சென்று சேர்ந்ததைச் சொல்லும். உள்ளே போனதைச் சொல்லாது. ‘க்குள்’ என்பது வாயிற்படியைத் தாண்டியதைச் சொல்லும். இவ்வேறுபாட்டை இந்நாட்டில் நம்மைக் காட்டிலும் நன்கு அறிந்தவர் யார்? நம் முன்னோர் நூற்றாண்டு நூற்றாண்டாகக் கோயிலுக்குச் சென்றவர்கள். கோயிலுக்குள் சென்றவர்கள் அல்லர். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் திருப்புன்கூருக்குச் சென்றார். புறத்தே நின்று தொழுதார். மறைத்து நின்ற நந்தி விலகிற்று என்று பெரிய புராணம் கூறுகிறது. நந்தி விலகியதே தவிர வாயில் வழிவிடவில்லை என்பதையும் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அதுதான் ‘டு’. 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் மதுரையில் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டோரை உடனழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயில் வாயிலைக் கடந்தார். அதுதான் ‘இன்டு’. இரண்டுக்கும் இடையில் எழுத்தளவில் ஒரு ‘இன்’ மட்டுமே கூடுதல். அந்த ‘இன்’ வந்து சேர எத்தனை நூற்றாண்டு ஆயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்விரண்டுக்கும் நடுவே ‘அரவுண்ட்’ என்று ஒன்று உண்டு; சுற்றி என்பது பொருள். 1924 மார்ச்சு 30-இல் வைக்கத்தில் தொடங்கிய அறப்போர் கோயிலுக்குள் நுழைவதற்காக நடந்தது என்று நம் மேடைகளிலேயே சிலர் பேசக் கேட்கிறேன். அவ்வாறன்று. பெரியார் சென்று சிறைப்பட்ட அப்போராட்டம், கோயிலைச் சுற்றியுள்ள பொதுச் சாலைகளில் அனைவரும் நடப்பதற்காக நடந்தது. 1925 நவம்பரில் அது முடிவுற்றபோது கீழைச் சாலை நீங்கலாக மற்றச் சாலைகள் திறந்துவிடப்பட்டன. உள்ளே செல்லும் உரிமை 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால்தான் வந்தது. ‘அரவுண்ட் தி டெம்பிள்’ என்பதிலிருந்து ‘இன்டு தி டெம்பிள்’ என்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள். வரலாற்றுத் தாளில் இவ்விரண்டையும் மாற்றி எழுதும் மாணவன் ஆங்கிலத்தில் மட்டும் பிழை செய்தவன் ஆகான்.

‘அரவுண்ட்’ என்பதற்கு இன்றைய சான்றும் நம் வாசலிலேயே இருக்கிறது. 2024 பிப்ரவரி 28-இல் நம் ஊரில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கி எழும் ஏவுகலம் இலங்கைக்கு மேலே பறந்து செல்லக் கூடாது. எரிந்த பாகங்கள் மக்கள்மேல் விழுந்துவிடும். ஆகவே இலங்கையைச் சுற்றி வளைந்து செல்கிறது, எரிபொருள் வீணாகிறது, சிறிய ஏவுகலத்துக்கு அது தாங்காது. நம் ஊரிலிருந்து தெற்கே பார்த்தால் கடல்தான். ‘ஓவர் ஸ்ரீலங்கா’ கூடாது. ‘அரவுண்ட் ஸ்ரீலங்கா’ செலவு மிகுதி. ‘ஓவர் தி சீ’ என்பதே நேர்வழி. ஒரு பொருளுக்கு மேலாகக் கடந்து செல்வதற்கு ‘ஓவர்’ என்பதை இதனால் அறிக. வெறுமனே உயரத்தில் இருப்பதைச் சொல்ல ‘அபவ்’ போதும். கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை அடி என்று எழுதும்போது ‘அபவ்’தான் வரும், ‘ஓவர்’ வாராது.

‘த்ரூ’, ‘அக்ராஸ்’, ‘அலாங்’ என்னும் மூன்றும் அடுத்து வருவன. இவற்றின்மேல் சற்றுக் கூடுதலாக நேரம் செலவிடப் போகிறேன், பொறுத்தருள்க. நீளவாக்கில், கூடவே ஒட்டிச் செல்வது ‘அலாங்’. ஒரு புறமிருந்து மறு புறத்துக்குக் குறுக்கே கடப்பது ‘அக்ராஸ்’. இரு பக்கமும் சூழ்ந்திருக்க நடுவே ஊடுருவிச் செல்வது ‘த்ரூ’. கடற்கரையோரமாக நடந்தால் ‘அலாங் தி பீச்’. நடுவெயிலில் தேரி மணலைக் கடந்தால் ‘அக்ராஸ் தி தேரி’. பனங்காட்டின் ஊடே சென்றால் ‘த்ரூ தி பாமைரா குரோவ்’. பரப்பின்மேல் கடப்பது ‘அக்ராஸ்’; சூழ்ந்த ஒன்றின் ஊடே கடப்பது ‘த்ரூ’; இதுவே உரைகல்.

சென்னைச் சட்டமன்றத்தில் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானத்தை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பினரும் நடந்து செல்லத் தடையில்லை என்பது அதன் கருத்து. அரசு அதனை ஏற்று அவ்வாண்டே ஆணையும் பிறப்பித்தது. அதன் ஆங்கில வாசகத்தில் தெருவில் நடப்பதற்கு ‘வாக்கிங் த்ரூ’ என்றே சொல் அமைந்திருக்கிறது. ஏன் ‘த்ரூ’? தெருவென்பது இரு மருங்கும் வீடுகள் சூழ்ந்தது. ஒரு முனையில் புகுந்து, அவ்வீடுகளின் நடுவே நடந்து, மறு முனையில் வெளிவருவது ‘த்ரூ’. ஓரமாக ஒதுங்கிப் போவதன்று. இரவில் யாரும் காணாமல் குறுக்கே ஓடிக் கடப்பதுமன்று. அதே தீர்மானம் பொதுக் கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றைச் சொல்லுமிடத்தில் ‘ஆக்செஸ் டு’ என்கிறது. பின்னர் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவும் கடைகளையும் உணவு விடுதிகளையும் குறிக்கும்போது ‘ஆக்செஸ் டு’ என்றே கூறுகிறது. ‘ஆக்செஸ்’ என்னும் பெயர்ச்சொல்லை அடுத்து ‘டு’ வரும். ‘இன்டு’ எழுதுவது வழக்கன்று. சட்டம் எழுதுவோர் சொல்லை எண்ணித்தான் இடுவார்கள். நாமும் எண்ணித்தான் படிக்க வேண்டும்.

இனி நம் கைக்கு வரும் மனு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடுகாட்டுப் பாதை இல்லாத ஊர்கள் இன்னும் பல. மாவட்ட ஆட்சியரிடம் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்லுமாயின் பிரமாணப் பத்திரம் ஆங்கிலத்தில் எழுதப்படும். தில்லியிலுள்ள தேசிய தாழ்த்தப்பட்டோர் ஆணையத்துக்கு எழுதினாலும் ஆங்கிலமே பயன்படும். எழுதுபவர் வழக்கறிஞராக இருக்கலாம். கையெழுத்து இடுபவர் நாம். ‘தி பாத் டு தி பரியல் கிரவுண்ட் ரன்ஸ் அலாங் தி சானல்’ என்று எழுதினால், பாதை வாய்க்கால் கரையோரமாகச் செல்கிறது என்று பொருள். அது புறம்போக்கு நிலமாக இருக்கக்கூடும். ‘ரன்ஸ் அக்ராஸ் தி சானல்’ என்றால் வாய்க்காலைக் குறுக்கே கடக்கிறது. அப்பொழுது கேட்க வேண்டியது பாலம். ‘ரன்ஸ் த்ரூ பட்டா லேண்ட்’ என்றால் தனியார் நிலத்தின் ஊடே செல்கிறது. அப்பொழுது நிலம் எடுக்க வேண்டும், அல்லது நெடுநாள் பயன்பாட்டு உரிமையை மெய்ப்பிக்க வேண்டும். ஒரு சொல் மாறினால் கேட்கும் நிவாரணமே மாறுகிறது. தாசில்தார் வந்து அளந்து பார்த்து, மனுவில் சொல்லியவாறு பாதை இல்லை என்று ஒரு வரி எழுதிச் சென்றுவிட்டால், அதனை மாற்ற எத்தனை ஆண்டுகள் அலைய வேண்டியிருக்கும்!

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அப்போதைய வேலூர் மாவட்டத்து வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில் நிகழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குச் செல்லும் வழி வேலியிட்ட பிறர் நிலத்தின் ஊடே இருந்தது. அவ்வழி மறுக்கப்பட்டதால், நம்மவர் ஒருவரின் உடலை ஆற்றுப் பாலத்தின்மேல் கொண்டுசென்று, அங்கிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினர். அக்காட்சி நாடு முழுவதும் பரவியது; சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. இதனை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ‘த்ரூ தி லேண்ட்’ செல்ல விடவில்லை. ஆதலின் ‘ஓவர் தி பிரிட்ஜ்’ கொண்டுசென்று ‘ஃப்ரம் தி பிரிட்ஜ்’ இறக்கினர். மூன்று முன்னிடைச் சொற்களுக்குள் ஒரு மனிதனின் கடைசிப் பயணம் முழுவதும் அடங்கிவிடுகிறது. இதனை வகுப்பில் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் அமைதியாகிவிடுகிறார்கள். பிறகு அம்மூன்று சொற்களை அவர்கள் மறப்பதில்லை.

‘ஃப்ரம்’ என்றதும் அதன் உறவினர் இருவரையும் சொல்லிவிடுகிறேன். உள்ளிருந்து வெளியே வருவது ‘அவுட் ஆவ்’. மேற்பரப்பிலிருந்து நீங்குவது ‘ஆஃப்’. புறப்படும் இடத்தை மட்டும் சொல்வது ‘ஃப்ரம்’. காரிலிருந்து இறங்கினால் ‘அவுட் ஆவ் தி கார்’. பேருந்திலிருந்து இறங்கினால் ‘ஆஃப் தி பஸ்’. முன்னர்ச் சொன்ன ‘இன்’, ‘ஆன்’ வேறுபாடே இங்குத் திரும்பி வருகிறது. 1927 மார்ச்சு 20-இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்தினார் என்று நாம் தமிழில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ‘டிராங்க் வாட்டர் ஃப்ரம் தி டேங்க்’ என்று எழுத வேண்டும். ‘அட் தி டேங்க்’ என்றால் குளத்தங்கரையில் நின்று வேறெங்கோ எடுத்துவந்த நீரைக் குடித்ததாகவும் ஆகலாம். கரையில் நிற்பதற்காக அல்ல, அந்நீரை எடுப்பதற்காகவே அவர் மக்களைத் திரட்டிச் சென்றார்.

‘டு’, ‘அட்’ இரண்டும் எறிதல், கத்துதல் போன்ற வினைகளோடு சேரும்போது பகையும் நட்புமாகப் பிரிந்துவிடும் என்பதையும் அறிய வேண்டும். ‘ஹி த்ரூ தி பால் டு மீ’ என்றால் நான் பிடிப்பதற்காக எறிந்தான். ‘ஹி த்ரூ எ ஸ்டோன் அட் மீ’ என்றால் என்னைத் தாக்குவதற்காக எறிந்தான். ‘ஷவுட்டட் டு மீ’ என்றால் தொலைவில் இருந்த எனக்குக் கேட்கும்படி கூவினான். ‘ஷவுட்டட் அட் மீ’ என்றால் என்மேல் சீறினான். கல்லெறிந்தவனைப் பற்றிய புகாரில் ‘டு’ என்று எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் புன்னகை செய்வார்.

இப்பொழுது மிக முதன்மையான ஒன்றுக்கு வருகிறேன். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குத் தெரியும். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது குற்றம் என்று எல்லோரும் சொல்கிறோம். எங்கே இழிவுபடுத்தினால் குற்றம் என்பதைச் சட்டம் ஒரு தொடரால் வரையறுக்கிறது. பொது இடத்தில் என்று அது கூறவில்லை. பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட ஓர் இடத்தில் என்று கூறுகிறது. அத்தொடரின் ஆங்கில வடிவம் ‘இன் எனி பிளேஸ் விதின் பப்ளிக் வியூ’ என்பது. 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின்னரும் அத்தொடர் அவ்வாறே நிற்கிறது. இதில் ‘இன்’ என்பது இடத்தைக் காட்டுகிறது. ‘விதின்’ என்பது பார்வையின் எல்லையைக் காட்டுகிறது. ‘இன்’ என்றால் உள்ளே. ‘விதின்’ என்றால் ஓர் எல்லைக்கு அப்பால் போகாமல், அதற்கு உட்பட்டு. தொலைவு, காலம், அதிகாரம், பார்வை ஆகிய எல்லைகளுக்கு ‘விதின்’ வரும்.

2008-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவ்வேறுபாட்டை விளக்கியது. பொது இடம் வேறு; பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம் வேறு. தனியார் வீட்டின் முற்றம்கூட, வெளியே சாலையில் செல்வோர் கண்ணுக்குத் தெரியுமானால், பார்வைக்கு உட்பட்ட இடமே. அவ்வழக்கில் புகார் கொடுத்தவர் வளாகத்தின் வாயிலில் நிறுத்தியிருந்த காரின் அருகே நின்றிருந்தபோது இழிவுபடுத்தப்பட்டதாகக் கூறியிருந்தார். வீட்டு வாயில் என்பது ஐயமின்றிப் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம் என்று நீதிமன்றம் கொண்டது. கார் ‘அட் தி கேட்’. அவர் ‘நியர் தி கார்’. இவ்விரு சிறு சொற்களும் அங்கு எத்துணைப் பெரிய சுமையைத் தாங்கி நின்றன என்று பாருங்கள். 2020-இல் ஹித்தேஷ் வர்மா வழக்கிலோ, நிகழ்ச்சி வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நடந்தது, பொதுமக்கள் யாரும் அங்கு இல்லை என்பதால் அச்சட்டப் பிரிவு பொருந்தாது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்பு சரியா என்பதில் எனக்குக் கருத்து உண்டு. அதனை இம்மேடையில் விவாதிக்கவில்லை. இழிவு நான்கு சுவர்களுக்குள் நிகழ்ந்தால் குறைவாக வலிக்கும் என்று எவரும் எனக்கு மெய்ப்பிக்க முடியாது என்று மட்டும் சொல்லி அப்பால் செல்கிறேன்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, உள்ளதை உள்ளபடி, இடம் பிசகாமல் எழுதுவது. வராந்தாவில் நின்றிருந்தால் ‘ஆன் தி வராண்டா’. வாயிலில் என்றால் ‘அட் தி கேட்’. வீட்டின் முன்னே என்றால் ‘இன் ஃப்ரண்ட் ஆவ் தி ஹவுஸ்’. உள்ளே என்றால் ‘இன்சைடு தி ஹவுஸ்’. தெருவில் என்றால் ‘இன் தி ஸ்ட்ரீட்’. தமிழில் ‘வீட்டில் வைத்துத் திட்டினான்’ என்று பொதுப்படச் சொல்வதை ஒருவர் அப்படியே ‘இன் தி ஹவுஸ்’ என்று மொழிபெயர்த்து எழுதிவிட, உண்மையில் அது திண்ணையில், பத்துப் பேர் காண நிகழ்ந்ததாக இருக்கலாம். நம் ‘இல்’ உருபு அங்கு நம்மைக் கைவிட்டுவிடுகிறது. தமிழில் புகார் எழுதும்போதே ‘திண்ணையில்’, ‘வாசலில்’, ‘தெருவில் நின்று’ என்று தெளிவாக எழுதிவிடுங்கள். மொழிபெயர்ப்பவர்க்கும் வேலை எளிதாகும். இல்லாததை ஏற்றி எழுதவும் கூடாது. பொய்யாக ‘அட் தி கேட்’ என்று எழுதுபவன் அடுத்துவரும் பத்து உண்மைப் புகார்களைக் கொல்கிறான்.

கடைசியாக ‘நியர்’. மனுக்களின் முதல் வரியை நம் இளைஞர்கள் எவ்வாறு எழுதுகிறார்கள் என்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். ‘அவர் காலனி இஸ் நியர் தி வில்லேஜ்’ என்று தொடங்குகிறார்கள். ஊருக்கு அருகில் நம் காலனி இருக்கிறது என்பது பொருள். பேச்சிலே ஊர் வேறு, தெரு வேறு என்று பிரித்துப் பேசிப் பழகியதன் விளைவு இது. வருவாய்த் துறைக் கணக்கில் அத்தெரு அக்கிராமத்தின் எல்லைக்குள் இருக்கிறது, அங்குள்ளோர் அவ்வூராட்சிக்கு வரி செலுத்துகின்றனர், அவ்வூராட்சிக்கே வாக்களிக்கின்றனர். பின் எவ்வாறு அது ஊருக்கு அருகில் ஆகும்? ‘நியர்’ என்னும் அச்சொல், நீங்கள் வெளியே இருக்கிறீர்கள் என்று பிறர் சொல்லிவந்ததை நம் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்கிறது. ‘அவர் காலனி இஸ் இன் தி வில்லேஜ்’ என்று எழுதுங்கள். ஊரின் ஓரத்தில் இருப்பது உண்மையானால் ‘அட் தி எட்ஜ் ஆவ் தி வில்லேஜ்’ என்று எழுதலாம். ஓரமும் ஊரைச் சேர்ந்ததே. கடலுக்கு ‘நியர்’ எழுதுங்கள். இரயில் நிலையத்துக்கு ‘நியர்’ எழுதுங்கள். ஊருக்கு எழுத வேண்டா.

நேரம் ஆகிவிட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாலை வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்துவிட்டு அமர்கிறேன். உங்கள் வீட்டு வாசலிலிருந்து நம் இடுகாடு வரை செல்லும் வழியை ஆங்கிலத்தில் பத்து வரிகளில் எழுதுங்கள். எங்கிருந்து புறப்படுகிறது, எந்தத் தெருவின் ஊடே செல்கிறது, எதனை ஒட்டிச் செல்கிறது, எதனைக் குறுக்கே கடக்கிறது, யாருடைய நிலத்தின் வழியே போகிறது, எதுவரை வண்டி செல்லும் என்பவை யாவும் அதில் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டா. ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். வரும் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சிவப்பு மையுடன் சங்கக் கட்டடத்தில் இருப்பேன்.